ஆமென் இல்லாத பதினொரு நாள்

கணவனின் இடது கண் போய்க்கொண்டிருப்பதை அவள் முதலில் சட்டையில்தான் பார்த்தாள். சலவைக்கடையில் பதினாறு வருடமாக இஸ்திரி போடுகிறவள். சீருடையின் இடது தோளில் மட்டும் சுண்ணாம்புக் கறை. துவைத்துப் போட்டால் மறுநாளும் அதே இடத்தில். கதவு நிலையிலும் சுவரிலும் இடித்துக்கொண்டே அவர் போய்வந்திருக்கிறார். அவர் பேருந்து ஓட்டுநர்.

கண் மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார்: போன பார்வை திரும்பாது, வண்டி ஓட்டக் கூடாது.

"டிப்போல சொல்லிடுங்க."

"சொன்னா விசுவாசம் இல்லன்னு ஆயிடும். கர்த்தர் பாத்துக்குவார்."

"அவர் பாப்பார். ரோட்ட நீங்கல்ல பாக்கணும்."

திருமணத்தன்று போதகர் ஒரு வழக்கம் சொல்லியிருந்தார். ஒருவர் ஜெபிக்க, மற்றவர் ஆமென் சொன்ன பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும். வீடு மாறியது, பிள்ளைக்காக எடுத்த சிகிச்சையை நிறுத்தியது, அவருடைய அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது, எல்லாம் அப்படித்தான். மாமியார் விஷயத்தில் அவளுடைய ஆமென் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வந்தது.

அன்று சாப்பாட்டுக்கு முன் அவள் ஜெபித்தாள். "ஆண்டவரே, இந்த மனுஷன் நாளைக்கு டிப்போல வாயத் திறந்து உண்மையச் சொல்ல பெலன் குடுங்க."

கண்ணை மூடிக் காத்திருந்தாள். எதிரிலிருந்து ஆமென் வரவில்லை. பிறகு அவர் ஆரம்பித்தார். "ஆண்டவரே, சந்தேகப்படுற மனச மாத்துங்க. என் கண்ண சுகமாக்குங்க."

அவளும் வாயைத் திறக்கவில்லை.

தட்டில் சாப்பாடு ஆறியது. கடைசியில் திருடித் தின்பவர்களைப் போல இருவரும் குனிந்து தின்றார்கள்.

அதற்குப் பிறகு தினமும் இதே கதைதான். "ஆண்டவரே, சிலர் தலையில மூளைக்குப் பதிலா என்னத்த வெச்சீங்க?" என்பாள் அவள். "ஆண்டவரே, இவ நாக்குக்கு ஒரு பூட்டுப் போடுங்க" என்பார் அவர். கடவுளை நடுவில் உட்காரவைத்துச் சண்டை போடுவது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

தானே டிப்போவில் போய்ச் சொல்லிவிடலாமென்று இரண்டு முறை தெருமுனைவரை போய்த் திரும்பினாள். அது அவர் ஆமென் சொல்லாத காரியம். அவர் வண்டி ஓட்டுவது மட்டும் யார் ஆமென் சொன்ன காரியம்? இந்தக் கேள்வியோடு தினமும் நாற்பது சட்டை தேய்த்தாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினாள்.

"ஆம்புலன்ஸ் போனா போகட்டும்மா. இங்க சட்ட கருகுது" என்றார் கடைக்காரர்.

பதினோராம் நாள் நண்பகலில் அவர் சீருடையோடு கடைக்கு வந்தார். உள்ளே நுழையும்போது இடது தோள் கதவில் இடித்தது.

"ஆமென்" என்றார்.

"என்னது?"

"அன்னிக்கு நீ பண்ணுன ஜெபத்துக்கு." அவருக்கு மூச்சு வாங்கியது. "இடது பக்கம் ஒரு பொம்பள, சைக்கிள்ல. நான் பாக்கவே இல்ல. கண்டக்டர் கத்துனான். சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தா. எந்திரிச்சு, மண்ணத் தட்டிட்டு, என்னைத் திட்டிட்டுப் போயிட்டா."

"வண்டி?"

"டிப்போல விட்டுட்டேன். உள்ள போய்ச் சொல்ல கால் வரல. நீயும் வா."

ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய இடம். அவளுக்கு வரவில்லை.

"அவ விழலன்னா இன்னும் எத்தன நாள் ஆயிருக்கும்?"

அதை அவள் கணவனிடம் மட்டும் கேட்கவில்லை.

இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். பாதியில் இருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு இறங்கினாள். தெருவில் அவருடைய இடது பக்கம் போய் நடந்தாள்.

"கல்லு. பாத்து."

"தெரியுது."

"தெரியல. தெரியுற மாதிரி நடிக்காதீங்க."

டிப்போ வாசல்வரை திட்டிக்கொண்டே வந்தாள். அவர் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.