விதைநெல்லோடு ஊறிய கல்

“மண் வீட்டிலயிருந்து எழும்பத்தானே உன்னைப் படிப்பிச்சனாங்கள்? நீ என்னெண்டால் திரும்பவும் மண்ணெண்டு நிக்கிறாய்!”

அம்மா இப்படிக் கேட்டது போன வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வீடு வடிவமைக்கப் படித்தவள். நான் வடிவமைக்கும் முதல் வீட்டுக்கு மண்கல் என்றதும் எதிர்ப்பு எங்கள் குசினி அடுப்படியிலிருந்தே கிளம்பியது!

அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? ஓலை, தறப்பாள், தகரம்... எல்லாவற்றின் கீழும் மழையில் நனைந்தவர்.

வீட்டுக்காரர் சிவம் அண்ணை, பரந்தனில் வயல் செய்பவர். மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து மெஷினில் அழுத்திய கல் என்று விளக்கினேன். தலையாட்டினார். பிறகு நான் கொண்டுபோன மாதிரிக் கல்லைத் தூக்கி, விதைநெல் ஊறிக்கொண்டிருந்த தண்ணீர்ப் பரலுக்குள் போட்டார். தொபுக்!

“நெல்லு ஊறினால் முளைக்கும். உன்ர கல்லு ஊறினால் கரையும். நாளைக்கு வா பிள்ளை. கரைஞ்சிருந்தால் சீமெந்துக் கல்லுதான்... கதை முடிஞ்சுது.”

என் முதல் வீடு ஒரு பரலுக்குள் கிடந்தது. பரீட்சை முடிவுக்குக்கூட நான் இப்படித் தவித்ததில்லை.

மறுநாள் அண்ணை நெல்மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, தோள்வரை கையை விட்டுத் துழாவினார்.

கல் வந்தது. நாலு மூலையும் அப்படியே! பெருவிரலால் தேய்த்தார். மண்வெட்டிப் பிடியால் தட்டினார்.

அவர் மனைவி ராணி அக்கா சிரித்தார். “இன்னும் ரெண்டு நாள் விடுங்கோப்பா, முளைச்சாலும் முளைக்கும்!”

அக்காவுக்கு ஒரே நிபந்தனை. “கலரில்லாத வீட்டில நான் இருக்க மாட்டன்.” சுவர்கள் மண்ணின் சிவப்பிலேயே நின்றன, கதவு யன்னலுக்கு மயில்நீலம். கார் நிறுத்தத் தறிக்க இருந்த மாமரத்துக்காக வீட்டையே கொஞ்சம் திருப்பினேன். இப்போது மாமரம்தான் விறாந்தைக்கு நிழல்.

போன கிழமை அண்ணையின் புது வீட்டுக்குக் குடிபூரல். மத்தியானம், நல்ல வெயில். ஃபான் போட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அம்மா மட்டும் ஒரு மூலையில், உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடி நின்றார்.

“குளிருதடி.”

“ஓம் அம்மா. மண்ணெல்லே.”

“ஒழுகாதோ?”

“மேலே ஓடு போட்டிருக்கு அம்மா!”

யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒழுகியது கூரை... பழி விழுந்ததோ சுவரின் மேல்!

நான் அம்மாவைக் கேட்காமல் அடுத்த நாளே எங்கள் பின்வளவில் நாலு முளை அடித்து, நூல் கட்டினேன். அம்மாவுக்குப் புதுக் குசினி. மண்கல்லில்தான்.

இன்று காலை பார்த்தால், இரண்டு முளைகள் மூன்றடி தள்ளி நிற்கின்றன. நூலும் அழகாக இழுத்துக் கட்டியிருக்கிறது.

குசினி பெரிதாக வேண்டுமாம்!