காருக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

பிள்ளையள், நான் ஈராக்குக்குப் போய்வந்த கதையில் பாதியைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சோதனைச் சாவடியில் என்னை வங்காளதேசத்துக் கூலியாள் என்று இறக்கி வைத்தது, நெய்ச்சோறு தின்று வயிறு குழம்பியது எல்லாம் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிரிக்க முடியாத பாதி என்னிடமே இருந்துவிட்டது. அதை நினைத்தால் முதலில் வருவது ஒரு கிண்ணம் தண்ணீர். மலைச் சரிவில் ஒரு சின்ன ஊர், காலை வெயில். கார் புறப்பட்டதும் பின் கண்ணாடியால் திரும்பிப் பார்த்தேன். நான் தங்கியிருந்த வீட்டுப் பெண் கிண்ணத்தோடு தெருவுக்கு ஓடிவந்து, எங்கள் கார் போன தடத்தின் மேல் தண்ணீரை வீசி ஊற்றினார். எங்கள் ஊரில் பிரேதம் வாசல் படலையைத் தாண்டின கையோடுதான் வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். உயிரோடு போகிற மனிதனுக்குப் பின்னால் யாராவது ஊற்றுவார்களா? என்னைத் தலைமுழுகுகிறார்கள் என்றே நினைத்தேன்.

அங்கே என்னை அனுப்பியவர் எங்கள் செஃப். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பை நிறைய மாதுளம்பழத்தோடு வருவாரே, எங்கள் கதவு நிலையில் தலை இடிபடுகிற உயரம், அவர்தான். ஈராக்கைச் சேர்ந்த குர்து மனிதர். பாரிசில் கார் து நோர் ரயில் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஓர் உணவகத்தில் அவர் தலைமைச் சமையல்காரர். நான் அவருக்குக் கீழே காய்கறி வெட்டத் தொடங்கி, பிறகு இறைச்சி சுடும் அடுப்புக்கு வந்தவன். மத்தியானச் சாப்பாடு முடிந்து இராச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும்வரை எங்களுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் இரண்டு பேரும் லா சப்பலுக்கு நடந்துபோய், தமிழ்க் கடையொன்றில் ஆளுக்கொரு பிளேன்ரீ, பால் விடாத தேநீர், குடிப்போம். செஃப் எதையும் லேசில் நம்பமாட்டார். மீன் கொண்டுவருகிறவன் இன்று காலை பிடித்தது என்று சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், பிறகு மீன்காரனின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார்.

2011இல், குளிர் விடத் தொடங்கிய ஒரு நாள், ரீயை அவர் வாயில் வைக்கவேயில்லை. பிரெஞ்சில்தான் சொன்னார். எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. “என்ர அம்மா செத்துப்போனா எண்டு நினைக்கிறன். வீட்டுக்காரர் எனக்கு மறைக்கினம்.” எப்போது போன் எடுத்தாலும் அக்காதான் பேசுவாராம். அம்மா எங்கே என்று கேட்டால் நித்திரை என்பாராம். அடுத்த கிழமை கேட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டா, அதற்கடுத்த கிழமை காது கேட்கிறதில்லை, போனில் கதைத்தால் விளங்காது. செஃப் கண்ணாடிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டு சொன்னார்: “ஒரு மனிசி எவ்வளவுதான் நித்திரை கொள்ளுவா?”

நான் உடனே ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. 2009இல் யுத்தம் முடிந்து எங்கள் சனம் முகாம்களில் கிடந்தபோது, என் அண்ணர் எப்போதாவது யாரிடமாவது கைபேசி வாங்கி எனக்கு எடுப்பார். “அப்பா எங்கை?” என்று கேட்பேன். “நித்திரையடா, களைச்சுப்போய்க் கிடக்கிறார்” என்பார். அந்த நித்திரையை நான் மாதக்கணக்காக நம்பினேன். அப்பா முகாமுக்கே வந்து சேரவில்லை என்பதைப் பிறகு யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரர், எனக்குத் தெரியும் என்று நினைத்து, லா சப்பல் தெருவில் வைத்துத் துக்கம் விசாரித்தபோதுதான் அறிந்தேன். அன்றிலிருந்து தொலைபேசியில் வருகிற நித்திரை என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை.

செஃப்பால் போக முடியாது. அகதிக்குக் கொடுக்கிற பயணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உலகம் எங்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக ஏலாது. என்னிடமும் ஒரு காலம் அந்தப் புத்தகம்தான் இருந்தது. இப்போது என்னிடம் பிரெஞ்சுப் பாஸ்போட் இருப்பது அவருக்குத் தெரியும். “நீ போய்ப் பார். சுற்றிப் பார்க்க வந்தவன், வழியில என்ர சாமானைக் குடுக்க வந்தவன் எண்டு சொல்லு. ஒண்டும் கேளாதை. கேட்டால் உஷாராகிடுவினம். இரு, சாப்பிடு, பார். வந்து சின்ன விசயத்தையும் விடாமல் எனக்குச் சொல்லு.”

டிக்கெட் போட்ட கடைக்காரத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். “அண்ணை, தலையில ஏதும் அடிபட்டதோ? அங்கையிருந்து சனம் இஞ்சை ஓடி வருது, நீங்கள் இஞ்சையிருந்து அங்கை போறியள்.”

“ஒரு அலுவலாய்ப் போறன்.”

“என்ன அலுவல், எண்ணெய்க் கிணறு வாங்கவோ?” என்று அவன் சிரிக்க, வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் பின்னால் நின்ற ஒருவர் சிரிக்காமல் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் உங்கள் அம்மா சிரிக்கவில்லை. தாய்க்கென்று செஃப் தந்த கம்பளிக் கோட்டை மேசையில் விரித்து, ஓரத்துத் தையலை விரலால் நசித்து நசித்துப் பார்த்தார். “உதுக்குள்ள என்ன வச்சுத் தச்சிருக்கோ, ஆருக்குத் தெரியும்? உங்களை மறியலில போட்டால் இந்தப் பிள்ளையளை ஆர் பாக்கிறது?” நான் அவரோடு சத்தம் போட்டேன். அவர் குளிக்கப் போன பிறகு, மடித்த கோட்டை விரித்து, நானும் ஒருமுறை நசித்துப் பார்த்தேன்.

ஈராக்கில், எர்பில் விமான நிலையத்தில் செஃப்பின் அக்காவுடைய கணவர் காத்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். எனக்கும் கொஞ்சம்தான் தெரியும், ஆகவே ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டோம். போகும் வழியில் சாவடிக்காரன் காரை நிறுத்தி, “பங்களாதேஷ்?” என்றான். பாஸ்போட்டை நீட்டினேன். என் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், படத்தை நகத்தால் சுரண்டியும் பார்த்தான். எனக்குக் கோபம் வரவில்லை. இந்தப் பார்வைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுதான் நான் வளர்ந்தேன்.

ஊரின் பெயர் கோயா. கடைத்தெருவில் நாங்கள் நடந்தபோது தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வாத்தியார் ஒவ்வொருவருக்கும் ஏதோ விளக்கம் சொன்னார். ஒவ்வொருவருக்கும் சொன்னது ஒரே விளக்கமாக எனக்குப் படவில்லை.

வீட்டில் கம்பளம் விரித்த அறையில் ஒரு வயதான மனுசி சுவரோரம் சாய்ந்திருந்தார். வெள்ளைத் துணியால் தலையை மூடியிருந்தார். “அம்மா,” என்றார் வாத்தியார். செஃப் தந்த பழைய படத்தை நான் மனதில் கொண்டுவந்து ஒத்துப் பார்த்தேன். மூக்கு அதே மூக்கு. வாய் அதே வாயா என்று சொல்ல முடியவில்லை, பற்கள் போனால் யாருடைய வாயும் மாறிவிடும். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். கோட்டைக் கொடுத்தபோது அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தார். ஆனால் போட்டுப் பார்க்கவில்லை, மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டார். மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவும் இல்லை. என்னைப் பெற்றவள் என்றால், பிள்ளை மெலிந்து போனானோ என்று என் செருப்பைக் கழற்ற முன்னமே கேட்டிருப்பாள். காது கேட்காத மனுசி என்ன கேட்பா என்று நானே எனக்குப் பதிலும் சொல்லிக்கொண்டேன். அவர் நீளமாக ஏதாவது சொன்னால் வாத்தியார் அதை எனக்கு மூன்று சொல்லில் முடித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் எப்போதும் உட்கார்ந்தார்.

செத்த வீட்டின் அடையாளங்களைத் தேடினேன். சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறதா? இல்லை. அணையாமல் எரிகிற விளக்கு? அதுவும் இல்லை. முகம் கழுவப் போகிற சாட்டில் மற்ற அறைகளையும் எட்டிப் பார்த்தேன். எங்கும் மாலையைக் காணாதபோது, பெரிய துப்பறிகிறவன்போல மனதுக்குள் ஆறுதல் அடைந்தேன். அந்தச் சனம் படத்துக்கு மாலை போடுகிற சனம்தானா என்று யோசிக்கிற புத்தி அப்போது வரவில்லை.

நான் அவர்களைச் சந்தேகித்ததுபோல அவர்களும் என்னைச் சந்தேகித்தார்கள். சாப்பாடு முடிந்து அக்கா உள்ளே போனதும் வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். “உண்மையைச் சொல்லும். உம்மைப் பிரான்ஸ் போலீஸ் அனுப்பினதா? அவன் அகதி என்று சொன்னது பொய்யா மெய்யா என்று பார்க்க வந்தீரா?” நான் சட்டைக் கையை மடித்து முழங்கைவரை இருந்த சூட்டுத் தழும்புகளைக் காட்டினேன். “நான் இறைச்சி சுடுகிறவன், வேறு ஒன்றும் இல்லை.” அவர் தழும்புகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது. நான் அவரை நம்புகிறேன் என்பதற்கே வெட்கப்படுவதுபோல இருந்தது அந்த முகம்.

புறப்படும் நாள்தான் அந்தத் தண்ணீர். அக்கா ஊற்றினார். அந்த வயதான மனுசி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

பாரிசுக்கு வந்த மறுநாள் பின்னேரம் அதே ரீக்கடை. செஃப் தன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார். “இருக்கிறா. கண்ணால கண்டனான்,” என்றேன். மூக்கைச் சொன்னேன். அழுததைச் சொன்னேன். கோட்டை மோந்து பார்த்ததைச் சொன்னேன். அவர் முகம் மெல்ல மெல்ல இளகியது. திராட்சை இலையில் சோறு சுற்றி அவித்தார்களா, புளிப்புக் கூடவா குறைவா என்று கேட்டார். கூட என்றேன், தலையாட்டினார். என் சந்தேகங்களையும் சொன்னேன், மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். காது கேட்காதுதானே என்று அவரே அதைத் தள்ளிவிட்டார். தண்ணீர் ஊற்றியதை மட்டும் நான் சொல்லவில்லை. தன் வீட்டார் ஒரு விருந்தாளியை அப்படி அவமதித்தார்கள் என்று கேட்டால் அவர் மனம் நோகும் என்று விட்டுவிட்டேன்.

எழும்பும்போது அவராகவே கேட்டார். “கார் வெளிக்கிட்டபோது தண்ணி ஆர் ஊத்தினது?”

நான் திடுக்கிட்டேன். “உங்கட அக்கா.”

“அம்மா?”

“வாசலில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டா.”

செஃப் திரும்பவும் உட்கார்ந்தார். வெளியே சனம் கறிவேப்பிலைக் கட்டும் முருங்கைக்காயுமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி எனக்கு விளங்கப்படுத்தினார். பயணம் போகிறவன் தண்ணீர் ஓடுவதுபோலத் தடையில்லாமல் போய்ச் சுகமாகத் திரும்பி வரவேண்டும் என்றுதான் பின்னால் தண்ணீர் ஊற்றுவார்களாம். அது வாழ்த்து. “எங்கட வீட்டில அந்தக் கிண்ணத்தை அம்மா ஒருத்தருக்கும் குடுக்கமாட்டா. காய்ச்சல் எண்டாலும் சுவரைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி வருவா. ஒருக்கா அக்கா ஊத்தப் போய், அதுக்கு ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. நான் வெளிக்கிட்டபோதும் அவதான் ஊத்தினா.” பிறகு சொன்னார்: “நீ கண்டது அம்மாவின்ர தங்கச்சி, என்ர சின்னம்மாவாய் இருக்கும். அவை ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு.”

அவர் என் தோளில் தட்டினார். “நீ நல்லாய்த்தான் பாத்திருக்கிறாய்.” அன்று இராச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல அடுப்பு மூட்டினோம். மீன்காரன் வந்தபோது செஃப் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

ஊருக்குப் போன் எடுத்து அவர் சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். நான் என் அண்ணரோடு அப்படித்தான் சண்டை பிடித்தேன், அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேலாகக் கதைக்கவேயில்லை. செஃப் முன்போலவே கிழமைக்கு ஒருமுறை, உணவகக் குசினியின் பின்கதவில் சாய்ந்துகொண்டு வீட்டுக்கு எடுத்தார். அவர் பேசுவது எனக்கு விளங்காது. ஒருநாள் வைத்துவிட்டுத் தானாகவே சொன்னார்: “அம்மா எப்பிடி எண்டு கேட்டனான். நித்திரையாம். எழுப்பவேண்டாம், படுக்கட்டும் எண்டு சொன்னன்.” தனக்குத் தெரியும் என்பதை அவர் கடைசிவரை அவர்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. மறைக்கிறவர்களுக்கும் அது பாரம்தான் என்பதை எனக்கு விளங்க வைத்தது அந்தப் பின்கதவுதான். அந்த வருடம் முடிவதற்குள் நான் அண்ணருக்கு எடுத்தேன். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டேன், ஓம், நல்ல மழை என்றார்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் வேலைக்கென்று லியோனுக்குப் புறப்பட்டாள். சின்னவன் ஸ்டேஷன்வரை பெட்டி தூக்கிப் போனான். உங்கள் அம்மா வேலைக்குப் போயிருந்தார். ஜன்னலால் கை காட்டிவிட்டு, சாமிப் படத்தடியில் இருந்த செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். நீங்கள் பார்த்திருந்தால், நாங்கள் இருக்கிற இந்த எபினேயில் அப்பாவுக்கு விசர் பிடித்துவிட்டது என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள். இனி நீங்கள் யார் எங்கே புறப்பட்டாலும் இந்த வீட்டில் தண்ணீர் ஊற்றுவது நான்தான். செம்பை வேறு ஒருவரிடம் கொடுக்கமாட்டேன். என்றைக்காவது வேறொரு கை ஊற்றினால், அப்பா நித்திரை என்று ஒருவரும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நீங்கள் திரும்பிய தெரு முடக்கு வெறுமையாக இருந்தது. நடைபாதையில் பெட்டிச் சில்லு ஓடிய பக்கமாகப் பார்த்து வீசி ஊற்றினேன். தண்ணீர் சரிவில் கொஞ்சத் தூரம் உங்களுக்குப் பின்னால் ஓடி, தெருவோரத்து இலைகளில் தட்டுப்பட்டு நின்றது. குனிந்து, செருப்பு நுனியால் இலைகளைத் தள்ளிவிட்டேன். அது மேற்கொண்டு ஓடியது.