சுகுணா மேடத்துக்கு நான் வெச்ச ஒப்பாரி

சுகுணா மேடம் போயிட்டாங்க... நேத்து காலைல. மார்வலி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

அடையாறுல அவங்க வீட்டுல நான் ஒப்பாரி வெச்சதை யாரோ போன்ல எடுத்து குரூப்ல விட்டிருக்காங்க. யார் இந்தக் கிழவி, கூலிக்கு அழ வந்தவளான்னு கீழ கமெண்ட் வேற. கூலிக்கு இல்லை. யாருன்னு நானே சொல்றேன்.

நான் முனியம்மா. மந்தைவெளி மார்க்கெட்ல கீரை விக்கிறேன். படிப்பு அஞ்சாங்கிளாஸ். இந்தப் பதிவை நானேதான் டைப் பண்றேன், பேத்தி இல்லை.

மேடம் யூனிவர்சிட்டில மொழி ஆராய்ச்சி. எங்கிட்ட முளைக்கீரை வாங்க வருவாங்க, வாங்கின பிறகும் போகாம நின்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. வார்த்தையை இல்லை... வார்த்தை போற ராகத்தை.

பேரம் பேசுறப்போ குரல் எங்க ஏறுது, திட்டுறப்போ எங்க இறங்குது, குழந்தையைக் கொஞ்சுறப்போ எந்த இடத்துல இழுக்கிறோம்... அதுக்கெல்லாம் ஒரு ஒழுங்கு இருக்குதாம். அதைக் கண்டுபிடிக்கிறதுதான் அவங்க வேலை.

ஒருநாள் மெஷினோட எங்க ஹவுசிங் போர்டு வீட்டுக்கே வந்தாங்க. ரெக்கார்டிங்னு தெரிஞ்சதும் பிளாக் பொம்பளைங்க எல்லாருக்கும் தலை நிறைய பூ. எதிர்வீட்டு மல்லிகா கல்யாணப் பட்டுப்புடவைல வந்துட்டா.

மைக்கைப் பார்த்ததும் எல்லாரும் டிவில செய்தி வாசிக்கிறவங்க ஆயிட்டோம். "நான் இன்று காலை மார்க்கெட்டுக்குச் சென்றேன்"னு நான் ஆரம்பிச்சேன். மல்லிகா வணக்கத்துல ஆரம்பிச்சு நன்றில முடிச்சா.

மேடம் ஒருத்தரையும் நிறுத்தலை. கடைசி ஆள் வரைக்கும் பொறுமையா கேட்டாங்க. மெஷினை மூடி வெச்சுட்டு டீ குடிச்சாங்க. அதுல ஒரு வார்த்தைகூட அவங்களுக்கு உதவாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்...

அப்போ தண்ணி லாரி வந்துச்சு. யார் குடம் முன்னாடின்னு எனக்கும் மல்லிகாவுக்கும் சண்டை, அதே பட்டுப்புடவையோட. நடுவுல திரும்பிப் பார்த்தா மேடம் மெஷினைத் தூக்கிக் காட்டி, போடட்டுமான்னு சைகைல கேக்குறாங்க.

கேக்காம ஒருநாளும் பட்டனை அமுக்க மாட்டாங்க. நான் தலையாட்டிட்டு விட்ட இடத்துலேருந்து சண்டையைத் தொடர்ந்தேன்.

அப்புறம் கம்ப்யூட்டர்ல எங்க குரல் ஏறி இறங்குறதைக் கோடு கோடா காட்டுனாங்க. "இன்னா மேடம், என் கோடுதானே ஒசரமா கீது?"ன்னு மல்லிகா கேட்டா. அவங்களும் ஆமான்னுட்டாங்க. அன்னிலேருந்து அவளைக் கையில பிடிக்க முடியலை.

அந்தச் சண்டையை யூனிவர்சிட்டில ஒரு கூட்டத்துல எங்க சம்மதத்தோட போட்டாங்க. என்னையும் பேத்தி அனிதாவையும் முன்வரிசைல உக்கார வெச்சிருந்தாங்க. பின்னாடி கொஞ்ச பேர் சிரிச்சாங்க.

மேடம் சத்தத்தை நிறுத்திட்டு, சிரிப்பு அடங்குற வரைக்கும் காத்திருந்தாங்க. பிறகு முதல்லேருந்து போட்டாங்க. ரெண்டாவது தடவை ஒருத்தரும் சிரிக்கலை.

அனிதா அன்னிக்கு முடிவு பண்ணதுதான். இப்போ மேடம்கிட்டயே பிஎச்டி பண்றா. ஆமாங்க, கீரைக்காரி பேத்தி. உரக்கவே சொல்லுவேன்.

எங்ககிட்ட மேடத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் கிடைக்கலை. ஒப்பாரி. அழுகை எந்த இடத்துல பாட்டா மாறுதுன்னு அவங்களுக்குத் தெரியணும். அது இல்லாம ஆராய்ச்சி முடியாம நிக்குது முனியம்மான்னு சொல்லுவாங்க.

நான் முடியாதுன்னுட்டேன். சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வெச்சா சாவைக் கூப்பிட்ட மாதிரி. எங்க பக்கம் விளையாட்டுக்குக்கூட முனக மாட்டோம்.

என் அண்ணன் சாவுக்கு மேடம் வந்தாங்க. அன்னிக்கு நாங்க எல்லாரும் பாடுனோம். அவங்க மூலைல நின்னு அழுதாங்க... மெஷின் பையை விட்டு வெளிய வரலை. போடட்டுமான்னு கேக்கக்கூட இல்லை.

ஒருதடவை மட்டும் சிரிச்சுக்கிட்டே, அப்போ நான் செத்தா பாடுங்க, இப்பவே பர்மிஷன் குடுத்துடறேன்னாங்க. வாயைக் கழுவுங்க மேடம்னு திட்டிட்டேன்.

நேத்து போனா... வீடு நிறைய ஆளுங்க, ஒரு சத்தம் இல்லை. அவங்க வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது. நான் தலைமாட்டுல உக்காந்தேன், தானா வந்துடுச்சு. உறவுக்காரப் பெரியவர் ஒருத்தர் கிட்ட வந்து, இங்க இதெல்லாம் வேண்டாம்மான்னார்.

மேடத்தோட வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "பாடட்டும், அண்ணா. அவ இதுக்குத்தான் காத்துண்டிருந்தா"ன்னார்.

அனிதா என் பக்கத்துல வந்து உக்காந்தா. அழுது அழுது முகமே வீங்கிக் கிடக்கு. பையிலேருந்து மெஷினை எடுத்தா, பட்டன்ல விரலை வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா.

"ஆயா... போடட்டுமா?"

நான் மேடம் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். போடு கண்ணுன்னேன்.

ஃபேன் சத்தம் மெஷின்ல விழும், அதை நிறுத்தச் சொன்னேன். முன்ன பாடுனது மெஷின்ல ஏறலையேன்னு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சேன். அரைகுறையா குடுத்தா மேடத்துக்குப் பிடிக்காது.

ஒப்பாரில முறை வெச்சுத்தான் கூப்பிடணும். ஆத்தாளே, அண்ணனே, மவளேன்னு. மேடம்ங்கிற பேரு அந்த ராகத்துல உக்காரவே இல்லை. என்னைவிடச் சின்னவங்க... கூடப் பொறந்தவளேன்னு வாய்ல வந்து விழுந்துச்சு. இத்தனை வருஷத்துல ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

போயிட்டு வா, தங்கச்சி.