தோப்பு நாயும் தோப்புக்காரம்மாவும்

கல்யாணமாகிச் சின்னாளப்பட்டிக்கு வந்த மறு வருடம் என்னை நாய் கடித்தது. அப்போது நான் நான்கு மாதக் கர்ப்பிணி. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது என் வேலை. முடித்த சேலைகளைச் சாயப்பட்டறையில் கொடுத்துவிட்டுத் தென்னந்தோப்பு ஓரமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேலிச் சந்தில் புகுந்து வந்த செவலை நாய் ஆடுசதையைக் கவ்விக்கொண்டு விடவேயில்லை. தோப்பு ஆள் ஒருவர் தடியோடு ஓடிவந்து விரட்டினார்.

செய்தி கேட்டு வந்த என் கணவரிடம் அதே ஆள், "அது எங்க நாய் இல்லண்ணே, தெருநாய்" என்றார். வேறு யாரும் பார்க்கவில்லை. கணவர் கோபத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், கடித்தது தோப்பு நாய்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

தோப்பு ஒரு விதவையுடையது. உயரமான அம்மாள், அதிகம் பேசமாட்டார். அவர் வண்டி வந்தால் தெருவில் சத்தம் அடங்கும். அன்று பொழுது சாயும் நேரத்தில் அவரே எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"உக்காரு தாயி. கடிச்சது என் நாய்தான். பகல்ல கட்டிப்போடச் சொல்லிருக்கணும், சொல்லல. காலையில ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

சண்டைக்குத் தயாராக இருந்த என் கணவர் நாற்காலியை எடுத்துப் போட்டார். 

அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி போடுவார்கள். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று எனக்கு உயிரே இல்லை. அந்த அம்மாள் தினமும் என்னோடு திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் வந்தார். ஊசி இறங்கும்போது என் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லமாட்டார். அந்தப் பிடியே போதுமாக இருந்தது. தெருவில் மற்றவர்கள், எனக்கும் வெறி பிடித்துவிட்டதோ என்று பயந்து, நான் தண்ணீர் குடிக்கிறேனா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. நாயை அவர் சங்கிலியில் கட்டி, வெறி பிடிக்கிறதா என்று கவனித்து, தானே எட்ட நின்று சோறு வைத்தார். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை; என் வயிற்றுப் பிள்ளைக்கும்தான்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தபோது கணவர், "கேஸை வாபஸ் வாங்கிக்கிறேம்மா" என்றார்.

"வேணாம்ப்பா. இப்ப வாங்கிட்டா, நாளைக்கு எவன் நாய் யாரைக் கடிச்சாலும் தெருநாய்னு சொல்லிட்டுப் போயிருவான்."

அம்மாளின் தம்பி ஒரு வக்கீலை ஏற்பாடு செய்திருந்தார். நாய்க்குக் கழுத்துப்பட்டை கிடையாது, கடிபட்டவளைத் தவிர சாட்சி கிடையாது, இல்லை என்று சொன்னாலே போதும் என்பது வக்கீலின் யோசனை. அன்று அந்த அம்மாள் கூண்டில் ஏறி நின்றார். அதுவரை கூண்டில் ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. 

மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்துவிட்டு, "என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

வக்கீல் எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் சொன்னார்: "நாய் என்னுதுங்க. கட்டிப்போடாம விட்டது என் தப்பு. அந்தப் புள்ள சாகப் பாத்துச்சு."

"யாராவது சொல்லச் சொன்னார்களா?"

"இல்லைங்க. சொல்லாதன்னுதான் சொன்னாங்க."

 வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.  மாஜிஸ்திரேட் அபராதம் விதித்தார். நாயைப் பகலில் கட்டியே வைக்கவேண்டும் என்றும் சொன்னார். "சரிங்க" என்று அம்மாள் இறங்கி வந்தார்.

அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த நான், பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊர் திரும்பினேன். அவர் சன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்புட்டுப் பெரிய மனுஷியிடம் என்ன சொல்வதென்று கடைசி வரை தெரியவில்லை.