வெங்காய வண்டி ஸ்பீக்கரும் என் கிட்டாரும்

கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளில் மேடையின் ஓரத்தில் ஒரு பெண் கிட்டார் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மண்டபங்களில் மூன்று வருஷம் அப்படி நின்றவள் நான். நீங்கள் என்னைப் பார்த்திருக்கலாம். கேட்டிருக்க மாட்டீர்கள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. கிட்டார் கற்றுக்கொண்டது ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊர்ச் சர்ச்சில். கிட்டாருக்கென்று கடையில் விற்கும் சாமான்களை நான் நம்புவதில்லை. கையில் கிடைப்பதை வைத்து நானே செய்து பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். என் கிட்டாரைத் தோளில் மாட்டும் வார், உடைத்துப் போட்ட கார் ஒன்றின் சீட் பெல்ட். கம்பிகளை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்ற, ஒரு பென்சிலும் தலைக்குப் போடும் ரப்பர் பேண்டும். கம்பியை மீட்டும் வில்லையை ஷாம்பு பாட்டிலை வெட்டிச் செய்துகொள்வேன். கடையில் விற்பதைவிட அது நன்றாக வளையும், சந்தேகம் இருந்தால் வெட்டிப் பாருங்கள்.

இதிலெல்லாம் எனக்குப் பெருமையானது விசிறிதான். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் நிற்கும்போது பேட்டரியில் ஓடும் குட்டி விசிறியை ஜன்னல் ஜன்னலாக விற்றுக்கொண்டு வருவார்கள். அதன் இறக்கைகளை வெட்டி, நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, ஓடவிட்டுக் கம்பியில் பட்டும் படாமலும் வைத்தால், மேண்டலின் மாதிரி நடுங்கிக்கொண்டே நீளும் ஒரு சத்தம் வரும். எங்கள் குழு தவறாமல் வாசிக்கும் ஒரு பழைய காதல் பாட்டின் நடுவே மேண்டலின் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் இதைச் செய்தேன். இடது கை விரலெல்லாம் காய்த்துப் போகும்வரை பழகினேன். மேடையில் அந்த இடம் வந்ததும் விசிறியைத் தூக்குவேன், என் காலடியில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் அது கணீரென்று கேட்கும், கூட்டம் கை தட்டும். எனக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் விழுப்புரத்தில் ஒரு மண்டபம். அதே பாட்டு. மேண்டலின் இடம் வருவதற்குச் சற்று முன்னால் என் மெல்லிய கம்பி பட்டென்று அறுந்தது. நான் கையை எடுத்துவிட்டு, போச்சுடா என்று மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் என்றால் குழுவின் முதலாளி, கீபோர்டு வாசிப்பவர். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடம் வந்தது. மண்டபம் முழுக்க மேண்டலின் ஒலித்தது, ஒரு பிசிறு இல்லாமல். என் கையில் விசிறி ஓடாமல் இருந்தது. கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் ஒருவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

கச்சேரி முடிந்ததும் நேராக மைக் செட்காரரிடம் போனேன். அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர் சொல்லித்தாம்மா. உன் சவுண்டு உன் கால்கிட்ட இருக்கற பொட்டிக்கு மட்டுந்தான் போவுது. வெளிய குடுக்க வாணாம்னுட்டாரு. மொத நாள்லருந்தே அப்படித்தான், உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மாஸ்டர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று கேட்டேன்.

"எல்லா சவுண்டும் கீபோர்டுலயே இருக்குதும்மா," என்றார். "நீ தப்பா வாசிச்சிட்டா கச்சேரி கெட்டுடும்ல?"

"நான் எப்ப மாஸ்டர் தப்பா வாசிச்சேன்?"

"வெளிய குடுத்தாத்தான அது தெரியும்? இப்ப உனக்கு இன்னா கொறஞ்சு போச்சு? ஒரு பொண்ணு கிட்டாரோட நின்னா ஸ்டேஜே களையா இருக்குது. சிரிச்சிக்கினு நில்லு, போதும்." சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை காட்டினார்.

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். வாசிக்க விடவும் மாட்டாராம், வாசிக்கத் தெரியாது என்றும் சொல்வாராம். டிரம்முக்குப் பதில் பேடு தட்டுகிற பையன் தாளம் தவறி வாசித்தாலும் அது ஊருக்கே கேட்கும், அவனை ஒன்றும் சொல்ல மாட்டார். நான் மட்டும் துணிக்கடை வாசலில் புடவை கட்டி நிறுத்தி வைத்த பொம்மை. அந்தப் பொம்மையை யாரும் ராத்திரியெல்லாம் பழகு என்று ஏமாற்றுவதில்லை. அன்று பஸ்ஸில் விரல் காய்ப்புகளைத் தடவிக்கொண்டே வந்தேன். கை தட்டிய ஒவ்வொரு மண்டபமும் ஞாபகம் வந்தது. அவமானத்தில் கூசிப்போனேன்.

அப்போதே விலகியிருக்கலாம். விலக மனம் வரவில்லை. ஒரே ஒரு பாட்டாவது என் கிட்டார் ஒரு மண்டபத்துக்குக் கேட்க வேண்டும், அதற்கப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

என் அண்ணன் குட்டி யானை வண்டியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஒலக்கூர் சுற்று வட்டார ஊர்களில் விற்கிறான். வண்டித் தலையில் ஒரு குழாய் ஸ்பீக்கர், கூடவே பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி. பெட்டியில் அவன் குரலைப் பதிவு செய்து வைத்திருப்பான், அது தெருத்தெருவாகக் கத்திக்கொண்டே வரும். அந்தப் பெட்டியில் மைக் சொருக ஓர் ஓட்டை இருந்தது. அதில் கிட்டாரைச் சொருகினேன்.

"யேய், அது வெங்காயம் விக்கிற மைக்குடி! அதுல போயி இன்னாத்த வாசிக்கப் போற?" என்று அண்ணன் பதறினான். "கெட்டுகிட்டுப் போச்சுன்னா எனக்குத்தான் பேஜாரு."

தடித்த கம்பிகள் அதில் கறகறவென்று இரைந்தன, ஒன்றும் தேறவில்லை. மெல்லிய கம்பிகளில் விசிறியை வைத்தேன். அடுப்படியில் வேலையாக இருக்கும் பெண்களைத் தெருவுக்கு இழுத்து வருவதற்கென்றே செய்த ஸ்பீக்கர் அல்லவா, சத்தம் ஊசி மாதிரி போனது. குழாயின் வாயில் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்ததும் கேட்க நன்றாகவே இருந்தது.

திண்டிவனம் மண்டபத்தில் குழாயையும் பெட்டியையும் மேடைப் பூ அலங்காரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அந்தப் பாட்டு வந்தது. பழைய வயரைப் பிடுங்கினேன், என் வயரைச் சொருகினேன், விசிறியை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் மாஸ்டரின் மேண்டலினும் என்னுடையதும் மோதிக்கொண்டன. அவருக்கு எது தன் சத்தம் என்று புரியவில்லை போலும், கையை எடுத்துவிட்டார். மிச்சம் முழுக்க நான்தான் வாசித்தேன். பந்தியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "யாருப்பா அது, காதுல ஊசிய உடறது?" என்று ஒருவர் கத்தினார். சிலர் கை தட்டினார்கள். ஓரிடத்தில் விரல் வழுக்கித் தப்பு விழுந்தது, அதுவும் எல்லோருக்கும் கேட்டது. என் தப்பு ஒரு மண்டபத்துக்குக் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முடித்துவிட்டு அவசரமாக வயரை இழுத்ததில் பெட்டி உருண்டு, எந்தப் பொத்தானோ அழுந்திவிட்டது. "பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், வாங்கம்மா வாங்க!" என்று அண்ணன் குரல் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னாலிருந்து முழங்கியது. மண்டபமே சிரித்தது. கையில் கிடைத்த வயரையெல்லாம் பிடுங்கி அதை நிறுத்தினேன்.

அதுகூட எனக்கு உறைக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கியதும் எங்கள் பாடகிப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். மூன்று வருஷமாக எனக்குக் கை எட்டும் தூரத்தில் நின்று பாடியவள்.

"அக்கா, நீங்க நெஜமாவே வாசிப்பீங்களாக்கா? சும்மா நிக்கறீங்கன்னு இல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன்!"

பாராட்டித்தான் கேட்டாள், பாவம். எனக்குக் கோபத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருஷமும் எனக்கு மட்டும்தான் நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் அன்றைக்கே என்னை வர வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் அவருடைய பிளெக்ஸ் பேனரில் கிட்டாரோடு என் படம் இருக்கிறது. போன மாதம் வளவனூரில்கூட ஒரு மண்டப வாசலில் பார்த்தேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். படத்தை நீக்கச் சொல்லிப் போன் செய்தால் எடுப்பதில்லை.

அண்ணன் சண்டைக்கு வந்துவிட்டான். நான் பிடுங்கிய பிடுங்கலில் பெட்டியின் பதிவு அழிந்துபோயிற்று, மறுபடி பதியவும் மாட்டேன் என்கிறது. "நீதான கெடுத்த? உனக்கு லீவு விட்ட அன்னிக்கி நீயே வந்து வாசி," என்றான். அதனால் மருந்துக் கடையில் எனக்கு விடுமுறையான புதன்கிழமைகளில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து, விசிறியை ஓடவிட்டு, அதே மேண்டலின் இடத்தை வாசித்துக்கொண்டு போகிறேன். மற்ற நாட்களில் அவன் தொண்டை கிழியக் கத்துகிறான். பெண்கள் முறத்தோடு வருவார்கள், அழுகலைப் பொறுக்கி எறிவார்கள், பேரம் பேசுவார்கள். என்னை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

போன புதன்கிழமை எனக்குக் காய்ச்சல், போகவில்லை. மதியம் அண்ணன் சிடுசிடுவென்று வந்தான்.

"கடைசித் தெருவுல ஒரு அம்மா வருமே, அரை கிலோ வாங்கற அம்மா. புதன்கெழமையாச்சே, இன்னிக்கி இன்னா அந்த கிட்டாரு சத்தத்தயே காணோம்னு கேட்டுச்சு. அது வரலம்மான்னேன். வெங்காயமும் வாங்காம உள்ள போயிடுச்சு."

அவனுக்கு அரை கிலோ வியாபாரம் போன கடுப்பு. நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன், அந்த அம்மா கேட்டதை மறுபடியும் சொல்லச் சொன்னேன். விழுப்புரத்தில் அத்தனை விளக்குக்கும் கூட்டத்துக்கும் நடுவே கம்பி அறுந்து நான் நிறுத்தியபோது ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கே நான் வாசிக்காதது ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது.