என் காதுக்காகக் காத்திருந்த கம்ப்யூட்டர்

காது மிஷின் கடை வைத்திருப்பவளின் தங்கைக்கே காது கேட்காது என்றால் சிரிப்பவர்கள் உண்டு. தாராளமாகச் சிரிக்கட்டும். ஆனால் கதை தலைகீழ். எனக்குக் கேட்காததால்தான் அக்கா இந்தத் தொழிலுக்கே வந்தாள். மூன்று வயதில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா அழுதாள். அப்பா டாக்டர் டாக்டராக அலைந்தார். பத்து வயது அக்கா மட்டும் என் முகத்துக்கு நேராக வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, தொண்டை கிழியப் பேச ஆரம்பித்தாள். அதன் பிறகு நாற்பது வருஷம் அப்படியேதான் பேசினாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுப்பில் பால் பொங்கினால்கூடத் திரும்பி, என் கண் அவள் உதட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் “அடுப்பை அணை!” என்பாள். அதற்குள் பாதிப் பால் தரையில் இருக்கும்.

கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படி ஏறியதும் ஒரே ஒரு அறை. நடுவில் பலகை வைத்துத் தடுத்திருக்கிறோம். இந்தப் பக்கம் நான்: வருகிறவர்களை உட்கார வைப்பேன், காதுக்குள் மாவு வைத்து அச்சு எடுப்பேன், அந்த அச்சை உறுத்தாதபடி ராவி வழவழப்பாக்குவேன். அந்தப் பக்கம் அக்கா, அவளுடைய கம்ப்யூட்டர், அதிலிருந்து காது மிஷினுக்குப் போகும் மெல்லிய ஒயர். மிஷினை வாங்கி மாட்டிக்கொண்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. யாருக்கு எந்தச் சத்தம் எவ்வளவு வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்கி, மிஷினுக்குள் பதிய வேண்டும்.

இதில் அக்காவுக்கு ஒரு தனி வழி உண்டு. காது கேளாதவர் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். “வீட்டுல யார் குரல் உங்களுக்கு முக்கியம்? அவங்களையும் கூட்டிட்டு வாங்க” என்பாள். வந்தவரை எதிரில் உட்கார வைத்து, வீட்டில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசச் சொல்லி, அந்தக் குரலுக்குத்தான் மிஷினைச் சரிசெய்வாள். ஒரு முறை ஒரு கணவனும் மனைவியும் பேச ஆரம்பித்து, அங்கேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். அக்கா தடுக்கவில்லை. இதைவிட நல்ல சாம்பிள் கிடைக்காது என்று, சண்டை முடிவதற்குள் வேலையை முடித்துவிட்டாள். போகும்போது அந்த மனிதர் திரும்பி வந்து, “கொஞ்சம் குறைச்சே வைங்கம்மா” என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டார்.

என் மிஷினுக்கு எதிரில் உட்கார்ந்து பேசியது அக்காவேதான். எனக்கு வேறு யாருடைய குரல் முக்கியம்?

சிக்கல் என்னவென்றால், என் மிஷின் பழைய ரகம். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி நாளாகிவிட்டது. அதைத் திறந்து சரிசெய்கிற மென்பொருள் எங்கள் கம்ப்யூட்டரை இயக்குகிற பழைய ஓ.எஸ்.ஸில் மட்டுமே ஓடும். புது ஓ.எஸ். போட்டால் அது செத்த மாதிரிதான். என் காதோ வருஷத்துக்கு வருஷம் இன்னும் மங்கிக்கொண்டு வருகிறது. அக்கா அவ்வப்போது ஒயரை மாட்டி ஒரு படி ஏற்றி வைப்பாள். அந்த வழி அடைபட்டால் அவள் குரல் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும். வேறு ரகம் ஒன்றை முன்பு மாட்டிப் பார்த்தேன். அக்கா பேசினாள், யாரோ அன்னியப் பொம்பளை பேசுவது போல இருந்தது. பிடுங்கி மேசையில் வைத்துவிட்டேன். அக்கா அதை டப்பாவில் போட்டு மூடினாள். அப்புறம் அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு கேள்வி வந்து நிற்கும். புதியதற்கு மாறுகிறீர்களா? இப்போதா, பிறகா? அக்கா நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே ‘பிறகு’ என்பதை அமுக்கிவிடுவாள்.

எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவனை எல்லாரும் ‘வைரஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரின்டரில் தாள் சிக்கினாலும் வைரஸ் என்பான். ஆனால் பிள்ளை நல்லவன். ஒரு நாள் உள்ளே அவனும் அக்காவும் பேசியதைப் பலகை இடைவெளி வழியே உதட்டில் படித்தேன்.

“அக்கா, இந்த ஓ.எஸ்.ஸுக்கு இனிமே பாதுகாப்பு அப்டேட் வராது. இத்தனை பேரோட டெஸ்ட் ரிப்போர்ட் இதுல வச்சிருக்கீங்க. கதவுக்குப் பூட்டே இல்லாத வீடு மாதிரி இது.”

“பார்ப்போம் தம்பி.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.”

“போன தடவைக்கு அப்புறமும் நல்லாத்தானே ஓடுது? வேலியில போற ஓணானை எதுக்குப் பிடிச்சு மடியில விட்டுக்கணும்?”

அவன் எரிச்சலோடு வெளியே வந்து, “செவிடன் காதுல ஊதின சங்குதான்” என்று தனக்குள் முணுமுணுத்தான். எதிரில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். உதட்டைப் படிக்கிறவளிடம் முணுமுணுத்து என்ன பிரயோஜனம்?

“சங்கு ஊதினது அவ காதுல. என்னைப் பார்த்து எதுக்கு நாக்கைக் கடிக்கிற?” என்றேன். பாவம், அன்றைக்கு அவன் கூலியே வாங்காமல் ஓடிவிட்டான்.

அக்கா ஏன் மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்காக அவள் எதையும் தள்ளிப்போடுவாள் என்பதில் எனக்கு ஒரு கர்வம்கூட.

அந்தக் கர்வம் இறங்கியது ஒரு கைக்குழந்தையால். பல் முளைக்காத பெண் குழந்தை. அம்மா இடுப்பில் இருந்தபடியே என் மூக்கைப் பிடித்து இழுத்தது. அதன் காதுக்கு நான் எடுத்த அச்சு என் சுண்டுவிரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. குழந்தைக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மிஷின் புத்தம் புதியது. அக்கா அதற்கான மென்பொருளைப் போடப் பார்த்தாள். இந்த ஓ.எஸ். மிகவும் பழையது, முடியாது என்று திரை சொல்லிவிட்டது. மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே பதில். கடைசியில் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கும் இன்னொரு கடைக்கு வழி சொன்னாள்.

“உங்ககிட்டதான் போகணும்னு எல்லாரும் சொன்னாங்கம்மா” என்றாள் குழந்தையின் அம்மா. அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால், முதலில் என் மேல்தான்.

“அப்கிரேட் பண்ணிடுக்கா” என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பி, வழக்கம்போல ஒவ்வொரு சொல்லாக, “உனக்குன்னு பழைய சிஸ்டம் ஒண்ணு தனியா வாங்கி வச்சுக்கலாம். தம்பி தேடித் தர்றேன்னு சொல்லியிருக்கான்” என்றாள்.

“அதை வாங்கி மூலையில வச்சா, நானும் அதோட மூலையிலயே உட்கார்ந்துடுவேன். மிஷினே போயிட்டா அப்ப என்ன பண்ணுவ? கம்பெனிக்காரன் கனவுல வந்து பார்ட்ஸ் குடுப்பானா?”

“இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கலாமே.”

“நீ யோசிச்சது போதும். காது என்னுது.”

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வைரஸைக் காலையிலேயே வரச் சொல்லிவிட்டேன். ரிப்போர்ட்டுகளையெல்லாம் அவன் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தினான். அக்கா அவனைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, என் பழைய மிஷினை ஒயரில் மாட்டி, கடைசியாக ஒரு படி ஏற்றினாள். “கேக்குதா?” என்றாள். “கேக்குது” என்றேன். அந்தக் குரலை நான் கொஞ்ச நேரம் அப்படியே காதில் வைத்துக்கொண்டேன். பிறகு நானே ‘இப்போது’ என்பதை அமுக்கினேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள்.

மறுநாள் புது மிஷின் போட்டாள். அப்பப்பா! மின்விசிறிக்கு இவ்வளவு சத்தமா? தாளைப் புரட்டினால் காதுக்குள்ளேயே புரட்டுகிறார்கள். அக்கா நேராக நின்று, “எப்படி இருக்கு?” என்றாள், எப்போதும் கேட்கிற மாதிரி. தட்டின் மேல் கரண்டியைப் போட்டது போல இருந்தது. அதில் என் அக்கா இல்லவே இல்லை. நான் அழுதுவிட்டேன்.

“வேண்டாம்டி. பழசுக்கே திரும்பிடலாம். கொஞ்ச நாளைக்குள்ளன்னா திரும்ப முடியும்னு தம்பி சொன்னான்.”

“முடியாது.”

“அப்ப சத்தத்தையாவது குறைக்கிறேன்.”

“குறைக்காதே. டெஸ்ட் என்ன அளவு சொல்லுதோ அதுலயே இருக்கட்டும். பழகிக்கிறேன்.” நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அக்காவுக்கு அது தெரியும் என்பதால் விட்டுவிட்டாள்.

குழந்தையின் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். அந்த வாரமே வந்தார்கள். இரண்டு பேரையும் உள்ளே அனுப்பிவிட்டு, நான் இந்தப் பக்கம் ஓர் அச்சை ராவிக்கொண்டிருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வேகமான குரல். பாதிச் சொற்களை விழுங்கிவிட்டு ஓடும். அடியில் லேசான கரகரப்பு, நடுநடுவே சிரிப்பு. உள்ளே இன்னும் யார் இருக்கிறார்கள் என்று எழுந்து எட்டிப் பார்த்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டியபடி, குழந்தையின் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

அதுதான் என் அக்காவின் குரல். பால்காரருக்கும், பக்கத்து வீட்டுக்கும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் இத்தனை வருஷமாகக் கேட்ட குரல். எனக்கு மட்டும் கேட்காத குரல். எனக்குப் பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அவர்கள் போன பிறகு அவளிடம் சொன்னேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“உன் பழைய மிஷினை என் கத்தலுக்கு வச்சிருக்கேன்டி” என்றாள். “உன்கிட்ட வீட்டுல நான் கத்தித்தானே பேசுவேன்? அதையே எதிர்ல உட்கார்ந்து பேசி, உனக்கு வலிக்காத மாதிரி குறைச்சு வச்சேன். கத்தலுக்குக் குறைச்சு வச்சா, மெதுவா பேசறது எப்படிக் கேக்கும்? ஊர்ல எல்லாருக்கும் காது வைக்கிறேன். இது என் புத்திக்கு எட்டலையே.”

“விடுக்கா. அந்தக் கத்தலும் எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. இப்ப அந்தம்மாகிட்ட பேசினியே, அந்த மாதிரி என்கிட்டயும் பேசு.”

அவள் என் பக்கம் திரும்பினாள், தொண்டையைச் சரிசெய்துகொண்டாள், வாயைத் திறந்தாள். கத்தல்தான் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். மறுபடி முயன்றாள், திருடன் கூட்டாளியிடம் கிசுகிசுப்பது போல வந்தது.

“உன் முகத்தைப் பார்த்தா தானா ஏறிடுதுடி. என்ன பண்ணச் சொல்ற?” என்று கத்தினாள்.

பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மழைக்காலம் வந்தது, கூட்டம் குறைந்தது. ஒரு மத்தியானம் அச்சுக்கு மாவு எடுப்பதற்காக உள்ளே போனேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டியபடி, யாருடைய மிஷினையோ கம்ப்யூட்டரில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைப் பின்னால் நீட்டி, “அந்தச் சின்ன ஒயரை எடு” என்றாள். பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

இழுப்பறையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் அதை மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். கை பாதியில் நின்றது.

“கேட்டுச்சா?” என்றாள். அதே குரல்.

“கேட்டுச்சு.”

அவள் தோள் குலுங்கியது. திரும்பப் போனாள்.

“திரும்பாதேக்கா” என்றேன். “அப்படியே ஏதாவது பேசேன்.”

அவள் திரும்பவில்லை. மூக்கை உறிஞ்சினாள், அதுவும் கேட்டது.

“நீ குடுத்தது வேற ஒயர்டி” என்றாள். “இதுக்கு அடுத்த சைஸ் எடு.”