துளுக்காத கிடாயோடு கொல்லிமலைக்கு

பெண்பிள்ளை எழுதும் பயணக் கட்டுரையில் என்ன இருக்கப்போகிறது என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். சேந்தமங்கலத்தில் கறிச்சோற்றுக் கடை நடத்துகிறவள் நான். கட்டியவர் போன பிறகும் அடுப்பை அணையவிடவில்லை. மகனுக்கு வந்த விஷக்காய்ச்சல் இறங்கினால் மலைமேல் இருக்கும் காவல்சாமிக்குக் கிடாய் வெட்டுவதாக வேண்டியிருந்தேன். இறங்கிவிட்டது. யுத்த காலத்து ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டோம்.

காலை ஆறு மணிக்கு, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ். ஆளுக்கு இரண்டணா, கிடாய்க்கு ஓரணா. கிடாய் என்று பெயர்தான். பால்பல் விழாத செம்மறிக் குட்டி. மச்சாண்டார், அதாவது என் கணவரின் அண்ணன், அதன் நாலு காலையும் சேர்த்துக் கட்டி பஸ் கூரைமேல் எறிந்தார். மெதுவாக ஏற்றச் சொன்னேன்.

"வெட்டப்போற ஆட்டுக்குப் பல்லக்கா கட்டோணும்?" என்றார். கூட வந்த உறவுக்காரர்கள் சிரித்தார்கள்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக்கு ஏழெட்டு மைல் ஒற்றையடிப் பாதை. ஏற்றத்தில் முட்டி நெஞ்சில் இடிக்கும். மிளகுக்கொடியும் பலாவும் வழியெல்லாம் இருந்தன. எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. குட்டி கால் மடிந்து விழுந்த இடத்திலெல்லாம் மச்சாண்டாரின் தடி அதன் தொடையில் இறங்கியது. மிரண்டு களைத்த ஆட்டை அப்படியே அறுத்தால் கறி கறுத்துக் கையில் ஒட்டும், பொழுது சாய்வதற்குள் வாடை வரும். கறி நறுக்கியே காய்த்த கை என்னுடையது. சொன்னால் யார் கேட்டார்கள்?

சாயங்காலம் நாலு மணிக்குக் கோயில். மலைக்காரப் பூசாரி குட்டியின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் துளுக்கியது என்று அர்த்தம்; சாமி சம்மதித்துவிட்டது. அப்புறம்தான் அரிவாள். எங்கள் குட்டி விலா மட்டும் ஏறி இறங்க மரமாக நின்றது. மறுபடி மறுபடி ஊற்றியும் அசையவில்லை.

காதுக்குள் தண்ணீரை விட்டால் தானாக உதறும் என்றார் மச்சாண்டார். எல்லா ஊரிலும் நடக்கிற தில்லுமுல்லுதான். நான் குறுக்கே போய்க் குட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டுதல் என்னுதுங்க மாமா. அது தெளிஞ்சு தானாத் துளுக்கட்டும். நாளைக்கு வெட்டிக்கலாம்."

இன்றைக்கு வெட்டாவிட்டால் இனி என் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வாசல் மிதிக்கமாட்டோம் என்றார் மச்சாண்டார். நாளை மகன் கல்யாணத்துக்குப் பந்தலில் யார் நிற்பார்கள் என்று நினைத்தேன். பிடியை மட்டும் விடவில்லை.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "சாமிக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க," என்றார்.

அன்றைக்குப் பூசாரி வீட்டில் கொடுத்த சாமைச் சோற்றையும் கொள்ளு ரசத்தையும் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றார்கள். நான் குட்டிக்குத் தண்ணீர் காட்டி, பலாமரத்தடியில் தழை போட்டுக் கட்டினேன்.

சனிக்கிழமை காலையில் அது அசைபோட்டுக்கொண்டு நின்றது. ஒரு செம்புத் தண்ணீர்தான். தலை முதல் வால் வரை சிலிர்த்து உதறியதில் பூசாரியின் வேட்டி நனைந்தது. ஒரே வெட்டு. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

தொடையில் கன்றிப்போன சதையை அரிந்து எறிந்துவிட்டு மீதியை நானே சமைத்தேன். நல்ல சிவப்புக் கறி, பூவாக வெந்தது. கோபமும் பசியும் ஒரே வயிற்றில் எத்தனை நேரம் இருக்கும்? இரண்டாம் முறை இலையைக் காட்டிய மச்சாண்டார் சந்தேகமாக என்னைப் பார்த்தார்.

"இது நேத்து வந்த கெடா இல்ல. ராத்திரியில மலைக்காரங்ககிட்ட மாத்திப்போட்டயா?"

"தோலு அந்தப் பலாமரத்துல காயுதுங்க மாமா. உங்க தடி பட்ட எடம் கன்னிக் கெடக்குது. போய்ப் பார்த்துட்டு வாங்க, கறி ஆறாம வெச்சிருக்கறேன்."

அவர் எழுந்து போகவில்லை. குனிந்து சாப்பிட்டார்.

இப்போது என் கடைக்கு வரும் ஆடு ஓர் இரவு தண்ணீர் குடித்து, படுத்தெழுந்த பிறகுதான் கத்தி. அவசரக்காரர்களுக்கு எதிர்க்கடை இருக்கிறது. உறவுக்காரர் யாரும் இன்றுவரை என் வாசல் மிதிக்கவில்லை. மச்சாண்டார் மட்டும் ஞாயிறுதோறும் தூக்குச்சட்டியோடு ஆள் அனுப்புகிறார். நிறையவே போட்டு அனுப்புகிறேன்.